மார்க்கெட் தெரு கிட்டங்கிகள்: சிங்கப்பூரில் செட்டியார் முகவர்களின் அன்றாட வாழ்க்கை

கிட்டங்கி என்பது, நாட்டுக்கோட்டை நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் வட்டித்தொழில் செய்யச் சென்ற வெளிநாட்டு நகரங்களில் கடையும் தங்குமிடமும் ஒன்றாக இருக்குமாறு அமைத்துக்கொண்ட கட்டடம் ஆகும். கிடங்கு என்ற சொல்லோடு உறவுடைய சொல் இது. பினாங்கு, சிங்கப்பூர் போன்ற துறைமுக நகரங்களில் செட்டியார்களின் வாழ்க்கை கிட்டங்கிகளுக்குள்ளேயே நடந்தது. சிங்கப்பூரில் அவை மார்க்கெட் தெருவிலும் அதையொட்டிய சூலியா தெருவிலும் இருந்தன. தமிழர்கள் மார்க்கெட் தெருவைச் செட்டித் தெரு என்றே அழைத்தார்கள்.

ராஃபிள்ஸ் 1819இல் சிங்கப்பூரில் வணிகத் தளம் அமைத்த பின், அடுத்த சில ஆண்டுகளிலேயே செட்டியார்கள் அங்கே வரத் தொடங்கினர். ஏறத்தாழ 150 ஆண்டுகள் அந்த நகரத்தின் பணப் புழக்கத்தில் அவர்களுக்கு ஒரு பங்கு இருந்தது. ஆனால் இந்தக் காலத்தின் பெரும்பகுதியில் அவர்களில் மிகப் பலர் அந்த நகரத்தில் வீடு வைத்துக்கொள்ளவில்லை. மனைவியை அழைத்துச் செல்லவில்லை. பிள்ளை பெற்று வளர்க்கவில்லை. மூன்று ஆண்டு இருந்துவிட்டு ஊர் திரும்பினார்கள். அவர்கள் இருந்த இடத்தில் இன்னொருவர் வந்து அமர்ந்தார். செட்டியார்களின் தொழிலைப் பற்றிய நூல்கள் பல உண்டு. அந்த மூன்று ஆண்டுகளை ஒரு மனிதர் எப்படிக் கழித்தார் என்பதைப் பற்றியது இக்கட்டுரை.

புறப்பாடு

கடல்கடந்து தொழிலுக்குப் போவதைச் செட்டிநாட்டில் ‘கொண்டுவிற்கப் போதல்’ என்பார்கள். போகும் இடம் எதுவாயினும் அது அக்கரைச் சீமை. போகிறவர் பெரும்பாலும் முதலாளி அல்லர்; முதலாளியின் முகவர். அவரை ஏஜெண்டு என்றும் மேலாள் என்றும் அழைத்தனர். அவருக்குக் கீழே அடுத்தாள். அடுத்தாளுக்கும் கீழே பெட்டியடிப் பையன். முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ வேறொரு செட்டிநாட்டு ஊரிலோ இருப்பார். அவர் சிங்கப்பூரைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

மேலாளுக்கும் முதலாளிக்கும் இடையே சம்பளச் சீட்டு எழுதப்படும். தவணை வழக்கமாக மூன்று ஆண்டு. மாதச் சம்பளம் என்ற பேச்சில்லை. மூன்று ஆண்டுக்கும் சேர்த்து இவ்வளவு என்று தொகை பேசுவார்கள். அதில் ஒரு பகுதியைப் புறப்படும்போதே கொடுத்துவிடும் வழக்கம் இருந்தது. வீட்டில் இருப்பவர்களுக்கு அது உதவும். கப்பல் கட்டணமும் அங்கே சாப்பாட்டுச் செலவும் கடையைச் சேர்ந்தவை. மேலாள் அங்கே கொடுப்பது, வாங்குவது, வழக்காடுவது எல்லாம் முதலாளியின் விலாசத்தின் பேரில்தான் நடக்கும். விலாசம் என்பது இங்கே முகவரி அன்று; முதலாளி குடும்பத்தின் முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்த கடைப்பெயர். அக்காலச் சிங்கப்பூர், பினாங்கு நீதிமன்றத் தீர்ப்புகளைப் புரட்டினால் இரண்டு மூன்று எழுத்துகளில் தொடங்கும் இத்தகைய பெயர்கள் அடிக்கடி கண்ணில் படும்.

பையன்கள் பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் அனுப்பப்பட்டார்கள். இன்றைய கணக்கில் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். போகுமுன் அவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப்படும். முழு எண் வாய்பாடு மட்டும் போதாது. மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, மாகாணி அல்லது வீசம் என்றால் பதினாறில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. இவற்றைப் பெருக்கிச் சொல்லும் கீழ்வாய் இலக்கம் மனப்பாடம் ஆக வேண்டும். நாள் கணக்கில் வட்டி போடுகிற தொழிலுக்கு இந்தப் பின்னங்களே அடிப்படை. காகிதத்தைத் தொடாமல் வட்டியைச் சொல்லும் பையனுக்குக் கடையில் மதிப்பு. பின்னக் கணக்கு என்றாலே மாணவர்கள் அஞ்சும் இக்காலத்தில் இதை நம்புவது சிறிது கடினம். ஆயினும் அது பயிற்சியால் வந்த திறமைதான், பிறவியில் வந்தது அன்று.

பயணம் நாகப்பட்டினத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ கப்பலில். 1926இல் கட்டப்பட்டு ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடிய ரஜூலாவை அறியாத மலேயாத் தமிழர் இல்லை. பினாங்கைத் தொட்டுச் சிங்கப்பூர் சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். மேல்தளப் பயணிகள் பாய் விரித்துப் படுத்து, திறந்த வெளியிலேயே காலம் தள்ள வேண்டும். கப்பலில் அம்மை, வாந்திபேதி போன்ற நோய் ஏதேனும் கண்டால், கரை தெரிந்த பிறகும் இறங்க முடியாது. செயின்ட் ஜான் தீவில் தனிமைப்படுத்தி வைப்பார்கள். பலருக்குப் புதிய நகரத்தின் முதல் காட்சி அந்தத் தீவின் கொட்டகைதான்.

பெட்டியடி

கிட்டங்கியைக் கண்ணால் கண்டவர்கள் முதலில் குறிப்பிடுவது அதன் நீளத்தை. தெருப்பக்கம் குறுகலாகவும் உள்ளே ஆழமாகவும் செல்லும் சிங்கப்பூர்க் கடைவீடுகளில் ஒன்றை எடுத்து, கீழ்த்தளத்தை ஒரே கூடமாக வைத்திருப்பார்கள். கூடத்தின் இருபுறமும் சிறிது உயர்ந்த தளம். அதன்மேல் பாய். பாயின்மேல் சாய்வான மூடியுள்ள ஒரு மரப் பெட்டி. அதுதான் மேசை, அதுதான் கல்லா, அதுதான் கடை. பின்னால் சுவரோரம் ஓர் அலமாரியும் இரும்புப் பெட்டியும். இப்படி ஒரே கூடத்தில் பத்துக்கும் மேற்பட்ட கடைகள் அடுத்தடுத்து இருந்தன. பெட்டி இருக்கும் இடமே பெட்டியடி. அதன் பக்கத்தில் இருந்து ஏவல் செய்யும் சிறுவன் பெட்டியடிப் பையன்.

ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு முதலாளியுடையது. ஆகவே தொழிலில் போட்டி. ஆனால் குளிப்பது, உண்பது, உறங்குவது எல்லாம் ஒன்றாகவே. கூடத்தின் கோடியில் பொதுச் சமையலறை. சமையல்காரரை ஊரிலிருந்தே வரவழைப்பார்கள். செலவைக் கடைகள் பகிர்ந்துகொள்ளும். இரவில் பெட்டியைப் பூட்டிவிட்டு அதன் பக்கத்திலேயோ மாடியிலோ பாயை விரித்தால் அதுவே படுக்கை. தனக்கென்று ஓர் அறை என்பது பெரும்பாலோருக்கு இல்லை. ஒருவரின் வாடிக்கையாளர் யார், அவருக்கு வந்த கடிதம் எத்தனை, அவர் முகம் ஏன் வாடியிருக்கிறது என்பதெல்லாம் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். இன்று வளைகுடா நாடுகளில் குடும்பத்தை ஊரில் விட்டு, அறையைப் பலரோடு பகிர்ந்து வாழும் தமிழர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. ஒரு வேறுபாடு: இங்கே முகவர்களும் அவர்களுடைய பையன்களும் ஒரே சாதி, பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள். அதனால் துணை கிடைத்தது; கண்காணிப்பும் சேர்ந்தே கிடைத்தது. மேலாள் ஒருவர் சூதாட்டத்திலோ வேறு வழியிலோ தடுமாறினால் அந்தச் செய்தி அடுத்த கப்பலில் காரைக்குடி போய்ச் சேர்ந்துவிடும்.

ஒரு நாள்

விடியுமுன் எழுவார்கள். குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கூடத்தில் இருக்கும் முருகன் படத்தை வணங்கிவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பது. இடுப்பில் வெள்ளை வேட்டி, தோளில் துண்டு; சட்டை இல்லை. 1900ஆம் ஆண்டை ஒட்டிச் சிங்கப்பூரில் அச்சான அஞ்சலட்டைகளில் ‘செட்டி’ என்ற தலைப்போடு காணப்படும் மழித்த தலையும் திறந்த மார்புமான உருவம் இதுதான். மேலைநாட்டுப் பயணிகள் அதை ஒரு வேடிக்கைப் பொருளாக வாங்கிப் போனார்கள். தலைப்பாகையும் கோட்டுமாக மாறியவர்கள் பிறகு வந்த தலைமுறையினர்.

காலைப் பலகாரம் முடிந்ததும் வசூல். அடுத்தாளும் பையனும் கணக்குப் புத்தகத்தோடு கிளம்புவார்கள். சீனக் கடைகள், ஆற்றங்கரைப் பண்டகசாலைகள், சந்தைக் கடைக்காரர்கள், மலாய்க்காரர் குடியிருப்புகள் என்று நடை. சம்பள நாளில் அரசு அலுவலகங்களின் வாசலிலும் செட்டியார் நிற்பார். எழுத்தருக்குக் கொடுத்த கடன் அவர் வீட்டுக்குப் போவதற்குள் வர வேண்டும் அல்லவா. பெரிய புள்ளிகளுடன் பேசுவது மேலாள் வேலை. ஈயச் சுரங்கம் வைத்திருந்த சீனர்களும், பின்னர் ரப்பர்த் தோட்டம் போட்டவர்களும், 19ஆம் நூற்றாண்டில் அபின் வணிகர்களும் செட்டியாரிடம் கடன் வாங்கினார்கள். ஐரோப்பிய வங்கிகள் மொழி தெரியாத, ஈடு காட்ட இயலாத ஆசிய வணிகருக்குக் கடன் கொடுக்கத் தயங்கின. அதே வங்கிகள் செட்டியாருக்குக் கொடுத்தன. வாங்கிய வட்டிக்கும் கொடுத்த வட்டிக்கும் இடைப்பட்டதே அவர் வருவாய். அந்த வங்கிகள் இருந்த ராஃபிள்ஸ் பிளேஸ், மார்க்கெட் தெருவிலிருந்து கூப்பிடு தூரம்.

பேச்சு மொழி சந்தை மலாய். சீனருடன் பேசவும் அதுவே, மலாய்க்காரருடன் பேசவும் அதுவே. பையன் வந்த ஆறு மாதத்தில் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவனுக்கு ஒரு வசதி இருந்தது; அந்த மொழியில் பழைய தமிழ்ச் சொற்கள் முன்பே குடியேறியிருந்தன. கடை அங்கே கெடாய், கப்பல் காப்பால், பெட்டி பெத்தி, போடும் முதல் மோடால். இவை செட்டியார்களுக்கு மிக முந்திய தமிழ் வணிகர்கள் விட்டுச் சென்ற சொற்கள்.

மாலையில் கணக்கு. அன்றன்று நடந்ததைக் குறிப்பில் எழுதி, அதிலிருந்து பேரேட்டுக்கு ஏற்ற வேண்டும். எல்லாம் தமிழில், நெடுங்காலம் தமிழ் எண்களில். பிறகு ஐந்தொகை எடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டும். முதலாளி ஐந்தொகையை வரி வரியாகப் படிப்பார். கடையைப் பாராமலே அதன் நிலையை அறிய அவருக்கு இருந்த கண் அது ஒன்றே. அதனால் ஒரு காசு இடித்தாலும் இரவு உறக்கம் கிடையாது. இடிக்கும் இடத்தைக் கண்டுபிடித்த பிறகே விளக்கை அணைப்பார்கள். வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, அன்றைக்கு எவ்வளவு ரூபாய், உண்டியல் எந்த விலைக்குப் போகிறது என்பது இரவுப் பேச்சு.

பொழுதுபோக்கு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கோயில், கடிதம், பிற்காலத்தில் செய்தித்தாள். கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசைத் தொடங்கிய பின் உள்ளூர்த் தமிழர் செய்திகளும் கிட்டங்கிக்குள் வந்தன. கிட்டங்கிக்கு வெளியே வேறொரு தமிழ்ச் சிங்கப்பூர் இருந்தது: துறைமுகத் தொழிலாளர், நகராட்சித் துப்புரவுப் பணியாளர், தமிழ் முஸ்லிம் வணிகர், யாழ்ப்பாணத்து எழுத்தர்கள். அவர்களோடு செட்டியாருக்கு வரவு செலவு உண்டு, ஒட்டுறவு குறைவு. சாதிக் கட்டுப்பாடும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கோயில்

டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் 1859இல் செட்டியார்களால் கட்டப்பட்டது. அங்கிருந்த குளக்கரையில் அரசமரத்தடியில் வேல் நட்டு வழிபட்டதே அதன் தொடக்கம் என்பார்கள். இது வழிபாட்டிடம் மட்டும் அன்று. நகரத்தார் கூடிப் பேசுவதும், தமக்குள் வந்த வழக்கைத் தீர்ப்பதும், மகமை செலுத்துவதும் கோயிலை ஒட்டியே. மகமை என்பது தொழிலுக்குத் தக்கபடி ஒவ்வொரு கடையும் கோயிலுக்கும் அறத்துக்கும் எடுத்து வைக்கும் பங்கு. இரங்கூனில் முகல் தெருக் கோயிலில் தமிழ் மாதம் 16ஆம் நாள் இரவு செட்டியார்கள் கூடி, தமக்குள் வழங்கும் நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். முருகன் சந்நிதியில் சொன்ன விகிதத்தை அடுத்த கூட்டம் வரை எல்லாக் கடைகளும் ஏற்றன. ஒரு மைய வங்கி செய்யும் வேலையைக் கோயில் மண்டபம் செய்தது என்று சொன்னால் மிகையாகாது.

தைப்பூசத்துக்கு முந்திய நாள் சிங்கப்பூரில் செட்டிப் பூசம். வெள்ளித் தேரில் முருகன் டேங்க் ரோட்டிலிருந்து புறப்பட்டு, சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் வழியாகக் கியோங் சைக் ரோட்டில் உள்ள லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போய் மாலையில் திரும்புவார். ஆண்டு முழுவதும் பாயில் அமர்ந்து கணக்கெழுதியவர்கள் அன்று காவடி எடுப்பார்கள். ஊரில் பழனிக்குப் பாதயாத்திரை போகும் நகரத்தார் மரபின் தொடர்ச்சி இது. மறுநாள் தைப்பூசம் எல்லாத் தமிழருக்கும் பொது. சிராங்கூன் ரோடு சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து வரும் காவடிகள் வந்து சேரும் இடம் இந்தச் செட்டியார் கோயில்தான். கிட்டங்கிக்குள் வர வேலை இல்லாத தமிழரும் ஆண்டுக்கொரு முறை இவர்களுடைய கோயிலில் உணவு உண்டார்கள்.

பிள்ளையார் நோன்பு இதைவிடச் சிறிய விழா. ஆனால் ஊர் நினைவை அதிகம் கிளறியது அதுவாகத்தான் இருக்க வேண்டும். திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள், 21 இழை சேர்த்துத் திரித்த திரியை இனிப்பு மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் இட்டுக்கொள்வது நகரத்தார் வழக்கம். செட்டிநாட்டில் அது குடும்பம் முழுதும் கூடும் இரவு. கிட்டங்கியில் சமையல்காரரும் பையன்களும் மாவு பிசைய, மேலாட்கள் வரிசையில் நின்று இழை எடுத்துக்கொண்டார்கள்.

ஊரில் இருந்தவர்கள்

மேலாளின் மூன்று ஆண்டு அவர் மனைவிக்கும் மூன்று ஆண்டுதான். திருமணமான சில மாதங்களில் கணவர் கப்பலேறுவது செட்டிநாட்டில் வழக்கமான செய்தி. அவர் திரும்பும்போது முகம் பார்த்திராத பிள்ளைக்கு இரண்டரை வயது ஆகியிருக்கும். ஓராண்டோ சற்றுக் கூடுதலோ ஊரில் இருப்பார். மறுபடியும் சம்பளச் சீட்டு. இப்படி ஐந்தாறு முறை போய் வந்தால் ஒருவருடைய இளமையும் நடுவயதும் முடிந்துவிடும்.

இந்தப் பிரிவைத் தாங்குவதற்கென்றே குடும்ப அமைப்பு உருவாகியிருந்தது. பெரிய வளவு வீடு ஒன்றில் அண்ணன் தம்பி குடும்பங்கள் எல்லாம் இருக்கும். ஆனால் திருமணமான மகனை வேறு வைத்துவிடுவார்கள். வேறு வைத்தல் என்றால் வீட்டை விட்டு அனுப்புவது அன்று. அதே வளவுக்குள் தனி அடுப்பு, தனிச் செலவு. ஆகவே இருபது வயதுக்குள்ளேயே ஆச்சிகள் தம் வரவு செலவைத் தாமே பார்க்கப் பழகினார்கள். அவர்கள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பணம் ஆச்சிமால் என்ற தனித் தலைப்பில் கடைகளில் வட்டிக்குப் போடப்பட்டது. மார்க்கெட் தெருவில் புரண்ட பணத்தில் ஒரு பங்கு, சிங்கப்பூருக்கே போகாத பெண்களுடையது. செட்டியார்களின் வணிகச் சாதனையைப் பாராட்டி எழுதுவோர் இதை ஓரிரு வரியில் கடந்துவிடுவது சரியன்று.

அக்கரையிலிருந்து வந்த பொருள்களை இன்றும் அந்த வீடுகளில் காணலாம். பர்மாத் தேக்குத் தூண்கள், இத்தாலியப் பளிங்கு, ஐரோப்பாவில் செய்த மங்குச் சாமான்கள், பெல்ஜியம் கண்ணாடிகள். பத்துப் பன்னிரண்டு கட்டு வீட்டைக் கட்டிய முதலாளிகள் வேறு. முதலாளியின் கடையில் பெட்டியடியில் இருந்தவர் வேறு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பையனாகப் போனவர்களில் சிலர் தாமே முதலாளி ஆனதும் உண்டு. பலர் கடைசிவரை சம்பளச் சீட்டிலேயே காலம் கழித்தார்கள். இந்த வட்டிக்கடை வாழ்வை உள்ளே இருந்து பார்த்து எழுதியவர் ப. சிங்காரம். 1938இல் சுமத்ராவின் மேடான் நகருக்கு வேலைக்குப் போய் 1946இல் ஊர் திரும்பிய அவர், ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ என்ற இரு நாவல்களே எழுதினார். கிட்டங்கியின் பேச்சும் மணமும் தெரிய விரும்பும் மாணவர்கள் அவற்றைப் படிக்கலாம்.

வெறுப்பு

கடன் கொடுத்தவரை அன்போடு நினைப்பவர்கள் அரிது. சிங்கப்பூரில் எழுத்தர்கள் பட்ட கடன் அரசுக்கே கவலை தந்தது. 1930களில் வட்டிக்கடைகளை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தது. இருப்பினும் அங்கே செட்டியார் மீது பெரும் பகை மூளவில்லை. நகரத்தில் கடன் பட்டவர்களில் பலர் வணிகர்கள். கொடுக்கல் வாங்கல் அவர்களுக்கும் தொழில். பர்மாவில் நிலைமை வேறு. அங்கே கடன் பட்டவர் உழவர், ஈடு நிலம். 1930ஐ ஒட்டி நெல் விலை சரிந்தபோது கடன் திரும்பவில்லை, நிலம் வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938இல் அது ஏறத்தாழ 25 விழுக்காடு. நிலம் வேண்டும் என்று அவர்கள் பர்மாவுக்குப் போகவில்லை என்பது உண்மை. நிலத்தை இழந்த உழவனுக்கு அந்த உண்மையால் எந்தப் பயனும் இல்லை. இரங்கூனில் 1930இலும் 1938இலும் இந்தியருக்கு எதிராக மூண்ட கலவரங்களில் இந்தக் கசப்புக்கும் பங்குண்டு.

போர்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. கிட்டங்கி வாழ்க்கையின் கணக்கே அதோடு குலைந்தது. 1939இல் கப்பலேறிய ஒருவரை எடுத்துக்கொண்டால், அவர் 1942இல் ஊரில் இருந்திருக்க வேண்டும். கப்பல் இல்லை. கடிதம் இல்லை. உண்டியல் இல்லை. 1945இல் போர் முடிந்து, மீண்டும் பயணிகள் கப்பல் ஓடி, அவர் ஊர் வந்து சேரும்போது மூன்று ஆண்டு ஏழு ஆண்டு ஆகியிருக்கும். அந்த ஆண்டுகளில் அவர் உயிரோடு இருக்கிறாரா என்று அறிய வீட்டாருக்கு வழியில்லை.

ஜப்பானியர் அச்சிட்ட நோட்டில் வாழைமரப் படம் இருந்ததால் அதை வாழைமர நோட்டு என்றார்கள். அதன் மதிப்பு மாதந்தோறும் இறங்கியது. நல்ல வெள்ளியாக வாங்கிய கடனைப் பலர் அந்த நோட்டில் திருப்பிக் கொடுத்தார்கள். வாங்க மறுக்கவும் முடியாது. போர் முடிந்த அன்று அது வெறும் காகிதம். போர்க்காலத்தில் தீர்த்த கடன் தீர்ந்ததா, தீரவில்லையா என்ற வழக்குகள் பெருகியதால் பின்னர் அதற்கென்றே தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

இக்காலத்து நிகழ்ச்சி ஒன்று தனியே குறிப்பிடத்தக்கது. 1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் இருந்தார். தசரா விழாவை ஒட்டிச் செட்டியார் கோயிலுக்கு அவரை அழைத்தார்கள். சாதி, மத வேறுபாடின்றித் தம் தோழர் அனைவரையும் உள்ளே விடுவதானால் வருவதாகப் போஸ் கூறிவிட்டார். கோயிலார் ஒப்புக்கொண்டனர். ஆபித் ஹசன் முதலிய முஸ்லிம் அதிகாரிகள் உடன்வர அவர் கோயிலுக்குள் சென்றார். நூறு ஆண்டுகளாகத் தங்களுக்குள்ளேயே வாழ்ந்த ஒரு கூட்டம் ஒரு நாளில் கதவைத் திறந்தது என்றால், போரும் விடுதலை உணர்ச்சியும் அவர்களை எவ்வளவு அசைத்திருந்தன என்பது புரியும்.

1953க்குப் பின்

கிட்டங்கியை முடிவுக்குக் கொண்டுவந்தது குண்டோ கலவரமோ அல்ல, குடிநுழைவுச் சட்டம். 1953 ஆகஸ்டு முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளின்படி, இந்தியாவிலிருந்து புதிதாக ஒருவர் வந்து சிங்கப்பூரிலோ மலாயாவிலோ வேலை பார்ப்பது மிகக் கடினமாயிற்று. முன்பு பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட இந்தியர் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போவதுபோல வந்தார்கள். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை ஆள் மாற்றும் முறை அந்த வசதியின் மேல்தான் நின்றது. பழையவர் போனால் புதியவருக்கு அனுமதி கிடைக்காது என்றான பிறகு, இருப்பவர் நகர முடியவில்லை.

முதலாளிகளுக்கு முன் இரண்டு வழிகள் இருந்தன. கடையை மூடுவது ஒன்று. அப்படியே பலர் செய்தார்கள். மற்றொன்று, இருப்பவரை அங்கேயே நிலைக்க வைப்பது. அங்கே சட்டப்படி குடியிருப்பவர் தம் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள இடம் இருந்தது. அதனால் நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளாக நடவாத ஒன்று நடந்தது, ஆச்சிகள் கப்பலேறினார்கள். குடும்பத்தோடு பொதுக்கூடத்தில் பாய் விரிக்க முடியாது. வாடகை வீடு தேடினார்கள். பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்தார்கள். வீட்டில் செட்டிநாட்டுத் தமிழ், தெருவில் மலாயும் சீனமும். குடியுரிமையா, ஊரா என்று ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு எழுந்தது. அடுத்த தலைமுறையில் பெட்டியடியில் உட்கார ஆள் இல்லை. வழக்கறிஞர், மருத்துவர், கணக்காய்வாளர் என்று பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போயினர். வங்கிகளும் சாதாரண மக்களுக்குக் கடன் கொடுக்கத் தொடங்கியிருந்தன.

கிட்டங்கிகளில் பகலில் பெட்டியடியும் இரவில் பாயும் சிறிது காலம் தொடர்ந்தன. 1970களின் பிற்பகுதியில் நகரச் சீரமைப்புக்காக மார்க்கெட் தெருக் கட்டடங்கள் கையகப்படுத்தப்பட்டு இடிக்கப்பட்டன. எஞ்சிய கடைகள் டேங்க் ரோடு, சிராங்கூன் ரோடு முதலிய இடங்களுக்குச் சிதறின. தண்டாயுதபாணி கோயில் 1983இல் புதிதாகக் கட்டப்பட்டது. மார்க்கெட் தெருவில் 1984இல் கோல்டன் ஷூ என்ற பல அடுக்குக் கார் நிறுத்தகமும் உணவுக்கடைத் தொகுதியும் எழுந்தன. அதையும் இடித்துவிட்டு எழுப்பிய 51 மாடிக் கட்டடம் 2021இல் முடிந்தது. அதில் இப்போது நிதி நிறுவனங்களின் அலுவலகங்கள் இருக்கின்றன.